உசுர வாங்குனவனுக்கு உசுரப் பாத்தா பயமாம்

ஏலே பேராண்டி, மொதல்ல உக்காரு. ஃப்ளோரிடாவுல இருந்து, இங்க ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டு, "தாத்தா, மீன் தொட்டியில கல்லு மேல என்னமோ மொளச்சிருக்கு"ன்னு அலறுத. எவனுக்கு என்ன ஆச்சோன்னு வேட்டியத் தேடுனேன்லா நான்!

கடைக்காரன் அந்தக் கல்லுக்கு என்ன பேரு சொன்னான்? உயிர்ப்பாறை. எடை போட்டு, டாலர் குடுத்து உசுர வாங்கியாச்சு. இப்ப உசுரு அசையுதுன்னு பயமாங்கும்? சேவல வாங்கிட்டு வந்தவன், அது கூவுதுன்னு போலீசுக்குப் போனானாம்.

அது எங்க இருந்து வருதுன்னாவது கேட்டியா? ஒன் ஃப்ளோரிடாக் கடல்ல தானா வளந்த கல்ல எடுக்கக் கூடாதுன்னு 1997-ல கதவச் சாத்திட்டான். அதனால நிலத்துல வெட்டுன சுண்ணாம்புக்கல்லப் படகுல ஏத்தி, குத்தகைக் கடல்ல போடுதான். வருசக்கணக்குல கெடக்கும். கடலே வந்து குடியேறும். அத அள்ளி ஒனக்கு விக்கான். நம்ம தூத்துக்குடியில என்ன செஞ்சோம்? உசுரோட இருந்த பவளக்கல்ல வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசல்ல போட்டோம். மன்னார் வளைகுடாவுல 21 தீவு. அதுல ரெண்டு முங்கியே போச்சு. அவன் சுண்ணாம்புக்கு உசுரு குடுக்கான், நாம உசுரச் சுண்ணாம்பாக்குனோம். பெருமை பேச வாயில்ல, விடு.

ஒன் போட்டோவுக்கு வருவோம். ஊதாவும் ரோசுமா தகடு கணக்கா படிஞ்சிருக்கே, பூஞ்சணமான்னு கேட்ட. சுண்ணாம்புப் பாசில அது. பவளப்பாருல கல்லோட கல்லப் பூசி ஒட்டுத கொத்தனாரு. அது வரலியேன்னு ஏங்குதவன் எத்தன பேரு? நீ பிரஷ் போட்டுத் தேச்சிருக்க. வெளங்கும்!

பச்சைக் கோலிக்குண்டு மாதிரி மினுங்குதே, அது முழுக்க ஒத்தச் செல்லு. செல்லுன்னா கண்ணுக்கே தெரியாதுன்னு வாத்தியார் சொன்னாராக்கும்? நசுக்கிப் பாக்கக் கை துறுதுறுங்கும். நசுக்குனா, உள்ள வித்து இருந்தா தொட்டி பூரா பரவும். கல்ல வெளிய எடுத்து முழுசாப் பேத்து எடு.

டார்ச்சு அடிச்சா ஓடுத முள்ளுப்புழுவுக்கு அரக்கன்னு பேரு வச்சிருக்க. பெரும்பாலும் சாதுல. மீனு தின்ன மிச்சத்தச் சம்பளமில்லாமக் கூட்டுது. வெறுங்கையில மட்டும் தொடாத, முள்ளு ஏறும்.

நீ பயந்திருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுக்கு. அதப் பாத்து, "தாத்தா, பூ பூத்திருக்கு"ன்னு ரசிச்ச! கண்ணாடி கணக்கா, பழுப்பா, கைய விரிச்சு நிக்கே, ஐப்டேசியா. கடல் சாமந்தியில அது களை. பக்கத்துப் பவளத்தக் கொட்டும். அப்புறம் எவனோ சொன்னான்னு பிளேடால அறுத்தியே, இப்ப எத்தன? கோரையக் கொத்துனா கோரை போகுமா? அடித்துணுக்கு ஒட்டியிருந்தாலே அது தனிக் குட்டி. அதத் திங்கதுக்குன்னே பெப்பர்மின்ட் இறால்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வாங்கி விடு. சிலது நீ போடுத தீனியத் தின்னுட்டுச் சும்மா கெடக்கும், ஒன்ன மாதிரி.

எல்லாத்தையும் கொதிக்கவச்சு அவிச்சுருவேன்னியே, இங்க மட்டும் நான் சிரிக்கல. பொத்தான் பொத்தானாப் படர்ந்து நிக்க ஜோவாந்திட்ல சில ரகத்துல பாலிடாக்சின்னு வெசம் இருக்கு. ஆவியோட மூச்சுல போயிக் குடும்பத்தோட ஆஸ்பத்திரியில படுத்தவிய உண்டு. அடுப்புப் பக்கம் கல்லு போவக் கூடாது, ஆமா.

பேரு தெரிஞ்சாத்தான் ஒனக்குத் தூக்கம் வருமோ? நான் சங்கு குளிச்ச காலத்துல, தெரியாததக் கண்டா மொத மூச்சுக்குப் பாக்க மட்டுந்தான் செய்வேன். தொட ரெண்டாவது மூச்சு. நீயும் ஒரு வாரம் பாரு. வளருதா? வெளிச்சத்துக்குச் சுருங்குதா? பக்கத்துல எதுவும் சாவுதா? அளவு காட்டுதேன்னு தொட்டிக்குள்ள காசு போட்டுராத, செம்பு எறங்குனா இறால் சாவும்.

அந்த நீல வெளக்க அணைச்சுட்டு எடுல போட்டோவ. போன தடவ எல்லாமே சிவன் கழுத்து நெறத்துல இருந்துச்சு, எது கல்லு எது பாசின்னு யாருக்குத் தெரியும்? போனும் என் பகல்ல போடு.