தொண்டைமான் வாரிசுகள்

அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஒரு வேல்கூட மழுங்காமல் இருப்பதைப் பார்த்து மெச்சினார். இன்று அவர் தியாகதுருகம் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு வந்தால் மெச்ச இன்னும் நல்ல பொருள் கிடைக்கும்: தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டிய கழிப்பறைகள். கோப்பையில் ஒரு கறை உண்டா? தாழ்ப்பாள் தேய்ந்திருக்கிறதா? சுவரில் எழுதிய பயனாளியின் பெயர்கூட அழியவில்லை. உள்ளே விறகு, மக்காச்சோள மூட்டை, அடைகாக்கும் கோழி. மற்ற ஊர்க்காரர்கள் அந்த அறையை என்னவெல்லாமோ செய்து அசிங்கப்படுத்துகிறார்கள். நம்மவர்கள்தான் அதன் மானத்தைக் காக்கிறார்கள்.

ஏரிக்கரை இருக்க நமக்கென்ன குறை? "காத்தாட உக்காந்தாதான்யா வரும்" என்கிறார் பெரியவர், எந்த எம்.பி.பி.எஸ். அதை மறுக்க முடியும்? பெண்களுக்கு இன்னும் சிறப்பான ஏற்பாடு. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, இருட்டியதும் துணைக்கு ஆள் தேடிப் போகலாம். சிறுநீர்த் தொற்று வருமாம். வரட்டுமே, ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் வருவதில்லை.

ஊரக இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக 2019 அக்டோபர் 2 அன்று அறிவித்தார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ, நாட்டில் நூற்றுக்கு 19 வீட்டார் எந்தக் கழிப்பறைக்கும் போவதில்லை என்றது. அறிவிப்பின் மரியாதை கெடாமல் விடியுமுன்னே போய்த் திரும்பிவிடும் இவர்களுடைய நாகரிகத்தை யார் பாராட்டினார்கள்?

கொடையிலும் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஒருவர் கழித்ததை ஈ தன் காலில் சுமந்து அடுத்த வீட்டுச் சோற்றில் வைக்கிறது. மழை அதைக் கிணற்றுக்குக் கொண்டு போகிறது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் ஊர் என்றும் சேரி என்றும் பார்ப்பதில்லை. தேநீர்க்கடையில் வராத சமத்துவம் வாந்திபேதியில் வந்துவிட்டது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா ஒரு தெருக்கிணற்றின் அடிபம்புத் தண்ணீரில்தான் வருகிறது என்று காட்ட, செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மலக்குழி அந்தக் கிணற்றில் கசிந்தது பிறகுதான் தெரிந்தது. நாம் அவருக்கு அந்தச் சிரமம் தரமாட்டோம். செப்டிக் டேங்க்கையும் போர்வெல்லையும் அண்ணன் தம்பி போல அருகருகே வைத்திருக்கிறோம்.

இரட்டைக் குழி போடச் சொல்கிறார்கள். ஒன்று நிரம்பினால் மற்றதற்குத் திருப்பிவிட வேண்டுமாம். மூடிய குழியில் இருப்பது ஒன்றிரண்டு ஆண்டில் மண்ணோடு மண்ணாக மக்கி உரமாகிவிடுமாம், யாரும் மலத்தைத் தொட வேண்டியதில்லையாம். இது என்ன மனிதாபிமானம்? ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதா? அதனால்தான் நாம் டேங்க்கிலிருந்து ஒரு குழாயைத் தெருச் சாக்கடைக்கு இழுத்துவிடுகிறோம். அடைத்தால் கூப்பிட ஆள் இருக்கிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அவரை உள்ளே இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்தது. சட்டத்தை மதித்து நாம் இறக்குவதில்லை. "கொஞ்சம் எட்டிப் பாருப்பா" என்றுதான் சொல்கிறோம்.

நன்றியும் மறக்கவில்லை. கொரோனா நாட்களில் அவர் காலைக் கழுவி மாலை போட்டோம், படமும் எடுத்தோம். சாக்கடைக்குள் உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவர் கேட்பது ஒரு ஜோடி கையுறை. அதற்குத்தான் இன்னும் டெண்டர் விடவில்லை.