புராதனச் சின்னங்களும் பொடியர்களும்: ஓர் அகத்திணை ஆய்வு

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. எந்த வழியாகப் போகலாம், வழியில் யார் சோறு போடுவார்கள், போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று விலாவாரியாகச் சொல்லுபவை. பாணன் போகிறான், கூத்தன் போகிறான், பசித்த சுற்றமும் கூடவே போகிறது. ஆனால் அந்தச் சுற்றத்தில் ஒரு நான்கு வயதுப் பிள்ளை, ஊர் எல்லையைத் தாண்டியதும் "ஒண்ணுக்கு வருது" என்று சொன்னதாகப் புலவர் எவரும் பதிவு செய்யவில்லை. சொல்லாமல் இருந்திருக்காது. புலவர்கள்தான் விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், சிறு பிள்ளைகளோடு வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்லும் குடும்பம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, தாம்பரத்தை அடுத்து வசிக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, தாத்தா, ஏழு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். மாதிரி மிகச் சிறியது என்று புள்ளியியலார் குறை சொல்லலாம். இந்த ஐவரை ஒரே காரில் தஞ்சாவூர் வரை கூட்டிப் போய்விட்டு வந்து அவர்கள் குறை சொல்லட்டும்.

முதல், கரு, உரி என்று பொருளைப் பகுத்தார் தொல்காப்பியர். நமக்கும் அதுவே வழி.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நெய்தலுக்கு மாமல்லபுரமும் தரங்கம்பாடியும் உண்டு. மருதத்துக்குத் தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். குறிஞ்சிக்குச் செஞ்சிக் கோட்டை. முல்லைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்களே வெயிலில் காய்ந்து பாலையாகும் என்பது மரபு. பகல் ஒரு மணிக்குப் பெரிய கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் நின்றவர்களுக்கு இதை உரையாசிரியர் விளக்கத் தேவையில்லை. நடப்பதற்கு விரித்திருக்கும் விரிப்பு எங்கே முடிகிறதோ, அங்கே மருதம் முடிந்து பாலை தொடங்குகிறது. பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. அதுவும் பிசகாமல் நிகழ்கிறது: அப்பா கல்வெட்டுப் பக்கம், அம்மா நிழல் பக்கம், தாத்தா பிரசாதக் கடைப் பக்கம்.

பொழுதில்தான் சிக்கல். போகத் தக்க காலம் மார்கழி, தை, மாசி. பள்ளிக்கூடம் பிள்ளைகளை அவிழ்த்துவிடும் காலம் சித்திரை, வைகாசி. அதாவது கல் சூடேறிக் கத்திரி வெயில் கொளுத்தும்போதுதான் தமிழ்க் குடும்பத்துக்குச் சோழர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை ஒன்றே இதற்கு மாற்று. ஆனால் அதை எல்லாக் குடும்பங்களும் கண்டுபிடித்துவிட்டன. சிறுபொழுது ஆறில் நமக்கு உதவுபவை விடியலும் எற்பாடும் மட்டுமே. நண்பகலில் பல கோயில்களில் நடையும் சாத்திவிடுவார்கள். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து, நான்கு மணி வரை மூடிய கதவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பண்டை அறநூல்கள் எதிலும் சொல்லப்படாத தவம்.

கருப்பொருளைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அது டிக்கியில் இருக்கிறது. தெய்வம் ஊருக்கு ஊர் மாறும். உணவு புளியோதரை, தயிர் சாதம், ஓயாத பிஸ்கட். பறை, அப்பா போனில் வழி சொல்லும் அம்மணி. விலங்கு குரங்கு, செஞ்சியில் புளியோதரைக்கு முதல் உரிமை அதற்கே. இவற்றோடு பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், மாற்றுடை ஒரு செட். ஒரு செட் போதாது என்பது அம்மா கட்சி. போதும் என்பது அப்பா கட்சி. திண்டிவனத்துக்குள் அம்மா கட்சி வென்றுவிடும்.

உரிப்பொருள் பிரிவு என்று மேலேயே கண்டோம். இனிப் பரபக்கம். மறுக்கத்தக்க கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பிறகு மறுப்பது சாத்திர மரபு. இங்கே மறுக்கத்தக்க கொள்கை அப்பாவினுடையது.

"தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். மூணும் யுனெஸ்கோ. மூணும் சேர்த்து எண்பது கிலோமீட்டர்கூட வராது. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

முடிச்சிடலாம் என்ற வினையைக் கவனிக்க வேண்டும். ராஜராஜன் 1010இல் குடமுழுக்குச் செய்த கோயிலை, அவன் மகன் கங்கை வரை படை அனுப்பி வென்று எழுப்பிய கோயிலை, இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரத்தை, பால் கார்டு வாங்குவதைப் போல முடிக்க முடியும் என்று இக்கொள்கை நம்புகிறது. தஞ்சைக் கோயிலை 1987இலும் மற்ற இரண்டை 2004இலும் பட்டியலில் சேர்த்தார்கள். யுனெஸ்கோவுக்கே பதினேழு ஆண்டு தேவைப்பட்டது. அப்பாவுக்கு ஒரு பகல் போதுமாம்.

கூகுள் மேப்புக்குத் தூரம் தெரியும், செருப்பு தெரியாது. ஒவ்வொரு கோயிலிலும் ஐந்து ஜோடி கழற்றி, டோக்கன் வாங்கி, திரும்பி வந்து, டோக்கனைத் தேடி, பையனின் இடது காலுக்கு வலது செருப்பை மாட்டி, அவன் அதுதான் சரி என்று வாதாடி முடிப்பதற்குள் ஒரு சோழன் முடிசூடி இறங்கிவிடலாம். மேலும் ஒண்ணுக்கு என்பது கழிப்பறைக்கு மிகத் தொலைவான புள்ளியில் மட்டுமே தோன்றும் தன்மையது. செஞ்சி ராஜகிரியின் உயரம் 800 அடி. கீழே இருக்கையில் "வரல" என்று சத்தியம் செய்யும் பிள்ளைக்குச் சரியாக நானூறாவது அடியில் வரும். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை, 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை என்பதெல்லாம் அந்த நேரத்தில் எடுபடாது.

தாத்தாவுக்கென்று தனிக் கொள்கை உண்டு. அதன் பெயர் பெருமிதவாதம். பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகும் தாத்தாக்கள் அனைவரும் இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். கோபுர நிழல் தரையில் விழாது. முதலாவதை ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. அது பல கற்களை இணைத்துச் செய்தது என்பார்கள். இரண்டாவதை மறுக்க ஆய்வாளர் தேவைப்படவில்லை. காலை ஒன்பதரை மணி இருக்கும். தாத்தா அண்ணாந்து பார்த்தபடி, "இருநூத்திப் பதினாறு அடி! இத்தனை உசரத்துக்கும் நிழல் கீழ விழாதும்மா, அப்படிக் கட்டியிருக்கான்" என்று கை நீட்டிச் சொன்னார். பேத்தியைக் காணோம். பார்த்தால், விமானத்துக்கு மேற்கே தரையில் நீண்டு கிடந்த கருத்த நிழலுக்குள் தம்பியையும் இழுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். "தாத்தா, இங்க வாங்க, கால் சுடல." ஆயிரம் ஆண்டு ஐதீகம் ஒன்றை இவ்வளவு மரியாதையாக மறுத்தவர்கள் குறைவு. தாத்தாவும் கடைசியில் நிழலுக்குத்தான் வந்து நின்றார். கொள்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கேதான் ஆய்வு திசை மாறுகிறது. பிள்ளைகள் சின்னங்களைப் பார்ப்பதில்லை என்பது பெற்றோர் முறையீடு. தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் மூன்றடி உயரத்திலிருந்து பார்க்கிறார்கள். நாம் இருநூறு அடி உயரத்தைப் பார்க்கச் சொல்கிறோம். வியப்பு என்னவென்றால், கட்டியவர்கள் மூன்றடிக்காரர்களை மறக்கவில்லை.

பெரிய கோயில் வாயிற்காவலரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானை எவ்வளவு பெரிது என்று நான்கு வயதுக்குத் தெரியும். அப்படியானால் அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது? அந்தப் பாம்பைக் காலடியில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்? அவரே வெறும் வாட்ச்மேன் என்றால், உள்ளே இருக்கிறவர்? அளவை அடி, முழம் எதுவுமின்றி, பிள்ளைக் கணக்கிலேயே சோழச் சிற்பி சொல்லிவிட்டான். தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு எட்டில் மருட்கை பையனின் முகத்தில் தோன்றியது இந்த இடத்தில்தான். உடனே அச்சம், பிறகு "பாம்பு யானைய துப்பிடுமா?" என்ற கவலையில் அழுகை. மீதி ஐந்தும் ஐஸ்கிரீம் வண்டியருகே நிகழ்ந்தன, இரண்டு நிமிடத்துக்குள்.

அதே கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டி வைத்த சாசனத்தையும் பெற்றோர் தவறாகவே பயன்படுத்துகிறார்கள். எழுத்து அழகைக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியது கணக்கை. தான் கொடுத்தது இன்னது, அக்கா கொடுத்தது இன்னது, பெண்டிர் கொடுத்தது இன்னது, மற்றவர் கொடுத்தது இன்னது என்று பேரரசன் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறான். அக்காவின் கொடையைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளவில்லை. விக்கிரவாண்டி வரை ஜன்னல் சீட்டு யாருடையது, அதற்கப்புறம் யாருடையது என்று பின்சீட்டில் எழும் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் இருக்க முடியாது. ஏழு வயதுப் பெண் இதை உடனே புரிந்துகொண்டாள். "எழுதி வெச்சாத்தான் தம்பி ஒத்துப்பான்" என்றாள்.

தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிற்பம் உண்டு. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கையை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து, பையன் அங்கே செலவிட்ட நேரம் அப்பா அந்தக் கோயில் முழுவதற்கும் ஒதுக்கியிருந்த நேரத்தை மிஞ்சியது.

மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் வானவரும் முனிவரும் நாகரும் திரண்டிருக்க, அது அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கும் காட்சியா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகிறார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது: அது பூனைப் பாறை. தவம் செய்யும் மனிதரைப் போலவே கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது. சுற்றி எலிகள், அதை நம்பி. பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே குட்டிகள். இத்தனையும் கீழ்ப்பகுதியில், பொடியர்கள் கண்ணில் படும்படி. பல்லவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. சான்று கேட்பவர்கள் பூனையைப் பார்க்கவும்.

பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். பெரியவர்கள் அதைக் கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் பாறையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது நிற்கும் சரிவு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி, வழுவழுவென்று ஆகிக் கிடக்கிறது. எந்த நகராட்சிப் பூங்காவிலும் இவ்வளவு நாள் உடையாமல் இருந்த சறுக்குமரம் இல்லை. கால்சட்டையின் பின்புறம் போகும். அம்மா கட்சியின் இரண்டாவது மாற்றுடை இதற்குத்தான்.

ஆகவே சுபக்கம், அதாவது நம் சொந்தக் கொள்கை. ஒரு நாளுக்கு ஓர் இடம். காலை எட்டு மணிக்கு உள்ளே, பத்தரைக்கு வெளியே. புறப்படும் முன் பிள்ளைகளிடம் ராஜராஜனின் பட்டப்பெயர்களைச் சொல்ல வேண்டாம். "அங்க ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடித்த பிறகு அவர்களே "யாரு செஞ்சா?" என்று கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். பகலைத் தஞ்சை அரண்மனைக்குக் கொடுங்கள். கூரை இருக்கிறது, ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் "தஞ்சாவூர்ல என்ன பாத்தீங்க?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால் பையன் "திமிங்கிலம்" என்றுதான் சொல்வான். அப்பா முகம் சுருங்க வேண்டாம். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் சுடுமண் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அந்த நகரத்திலும் பிள்ளைகள் பெரியவர்கள் காட்டியதைப் பார்க்காமல் கீழே குனிந்து விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

விட்டுப்போன கோயில்களுக்காக அப்பா வருந்துவதாகத் தெரிகிறது. அவர் கவனத்துக்கு ஒன்று: மத்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களில் பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பையனுக்கு இப்போதுதான் நான்கு நடக்கிறது.