ஓவியத்தின் முன் தலைசாய்த்தல்: மரக்காணத்து மாணவர் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுச் சிக்கல்

ஓவியக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் முதன்முதலாகப் பெரிய ஓவியக்கூடத்தில் நுழையும்போது எப்படி நிற்கிறார்? தொல்காப்பியர் தொடங்கி எவரும் இதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

2. களம்

எழும்பூர் அருங்காட்சியக வளாகம். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் 1951இல் தேசிய ஓவியக்கூடமானது. ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் இச்சேகரிப்பின் பெருமை. வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை அறியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் பேருந்தைப் பிடித்து வந்தோர் ‘வெளிச்சுவர் ஆய்வாளர்’ என்று தனியே ஒதுக்கப்பட்டனர்.

3. வகைப்பாடு

அ) பலகையர்: படத்தை விடப் பெயர்ப்பலகையை நெடுநேரம் பார்ப்போர்.

ஆ) அளவையர்: ‘இவ்வளவுதானா?’ என்போர். பாரிஸில் 77க்கு 53 செ.மீ. மோனாலிசாவின் முன்னும் இவ்வினம் உண்டு.

இ) சாய்வர்: ஓரமாக ஒதுங்கித் தலையைச் சாய்ப்போர். இவர்கள் அனைவரும் மரக்காணத்தார்.

4. காரணம்

வார்னிஷ் பூசிய படத்தை நேரே நின்று பார்ப்பவருக்கு நாயகியின் முகத்தில் மேல்விளக்குதான் தெரியும். மரக்காணத்து உப்பளத்திலும் இதே தொல்லை. உவர்நீரின் செறிவை அளக்கும் போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகையில் உள்ள கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, 25ஐ நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். வரப்பில் நேரே நின்றால் பாத்தி முழுக்க வானம். தலையைச் சாய்த்தால்தான் நீரின்மேல் மிதக்கும் மெல்லிய ஏடு கண்ணில் படும். பிள்ளைப் பருவத்திலேயே இப்பயிற்சி முடிந்துவிடுகிறது.

5. மறுப்பும் விடையும்

பேருந்தில் தூங்கியதால் வந்த கழுத்துப்பிடிப்பே இது எனச் சிலர் வாதிடக்கூடும். அதே பேருந்தில் தூங்கி வந்த புதுச்சேரி மாணவர் நேரே நின்று விளக்கைத்தான் ரசித்தார். வாதம் விழுந்தது.

6. வாய்மொழிச் சான்று

காவலர்: “என்னப்பா, ஓரமா நின்னு என்ன பாக்குற?”

மாணவர்: “நேரா நின்னா கண்ணு கூசுதுண்ணே. எங்க ஊர்ல இப்படித்தான் பாப்போம்.”

7. பரிந்துரை

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரி, ‘படம் பார்த்தல்’ என்றொரு தாள் வைக்குமானால், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு அதில் விலக்கு அளிக்கலாம். மற்றவர்களுக்குச் செய்முறைத் தேர்வு மரக்காணத்தில், பாத்தி வரப்பில். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிடும்; எனவே தேர்வைப் பங்குனியில் வைக்க. தொப்பி அனுமதிக்கப்படும், கறுப்புக்கண்ணாடி காப்பியடித்தலாகக் கருதப்படும்.