தாராள மனசுக்காரர்கள்

கோட்டூர்புரத்தில் திறமூல மென்பொருளுக்கு உழைக்கும் இளைஞர்களைப் போல் தாராள மனசு யாருக்கும் வராது. தமிழ்ச் சொற்பிழைதிருத்திக்காக ராத்திரியெல்லாம் கண்விழிப்பார்கள். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள். அதைக் கொண்டுபோய் வைக்க, தன் மூலநிரலைத் திறந்துவைக்காத கிட்ஹப் தளத்தையே தேர்ந்தெடுப்பார்கள். வாங்குகிறவர் திருப்பித் தருவாரா என்று பார்த்துக் கொடுப்பது கொடையாகாதல்லவா? 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு கிட்ஹப்பை வாங்கியபோது, இவர்கள் சேர்த்துவைத்த நிரல்களும் அந்த மதிப்பில் அடக்கம். ஒருவர்கூடப் பங்கு கேட்கவில்லை.

விசுவாசத்திலும் குறையில்லை. லினக்ஸ் கெர்னல்காரர்களுக்குத்தான் பொறுமை போதாது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்க 2002 முதல் பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005இல் பறிபோனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலிலேயே, இன்று கிட்ஹப்புக்கே அடிப்படையான கிட்டை எழுதத் தொடங்கிவிட்டார். நடுவில் ஒரு சர்வரை நம்பியிருக்க வேண்டாமென்று ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாற்றையும் வைத்தார். நம்மவர்கள் அப்படிப் பதறுவதில்லை. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் துண்டு நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பின் ஜிஸ்ட்டும் இருந்தது. கிட்ஹப்பைப் போலவே நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. 2019இல் அமெரிக்கத் தடையால் ஈரானியர்களின் தனிக் களஞ்சியங்களைப் பூட்டியது கிட்ஹப்பேதான். நம்மவர்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரைப் பாருங்கள். ஒருவர் விட்டுப்போன ஒரு 'ப்'பைச் சேர்க்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் அதை அனுப்ப, கிட்டுக்கு ஒரு பென்டிரைவே போதும். ஆனாலும் எங்கோ இருக்கும் கிட்ஹப் சர்வருக்குப் 'புஷ்' செய்கிறார். எதிரில் இருப்பவர் அங்கிருந்து 'புல்' செய்துகொள்கிறார். ஓர் ஒற்றெழுத்துக்கு இவ்வளவு பெரிய உலகத்தைக் காட்டியவர் வேறு யார்?

அந்த 'ப்' ஏன் வந்தது? மாற்றத்தைப் பதியும் கமிட்டில் 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் இருக்கும். வலி மிகுமா மிகாதா என்று நாள்கணக்கில் நடந்த வாதம் கிட்ஹப்பின் இஷ்யூ பக்கத்தில் இருக்கும். குளோன் செய்தால் நிரல் கைக்கு வரும். வாதம் அங்கேயே தங்கிவிடும். தங்கள் இலக்கணப் புலமையைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு பெருமையடிக்காத அடக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

மாற்று வழி தெரியாதவர்களும் அல்ல. ஜெர்மனியில் 2018இல் தொடங்கிய சங்கமொன்று லாபநோக்கின்றி நடத்தும் கோட்பெர்க் தளத்தை அறிவார்கள். அதை இயக்கும் ஃபோர்ஜேயோ மென்பொருளைப் பழைய கணினியொன்றில் நிறுவவும் தெரியும். படிப்படியாக நிறுவிக் காட்டுவார்கள். பிறகு, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அந்தச் செய்முறைக் குறிப்பை கிட்ஹப்பில் ஏற்றிவைப்பார்கள்.