பழைய ஹார்டு டிஸ்கின் வேகத்தை நாழிகையால் அளத்தல்

உடுமலை தளி ரோட்டில் உள்ள எங்கள் தமக்கையார் வீட்டுப் பரணிலிருந்து, ஒரு காலத்தில் நூல் வியாபாரக் கணக்கைச் சுமந்திருந்த ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்து, "ஏனுங் மாமா, இது எத்தனை எம்.பி.பி.எஸ். வருமுங்க?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, அவன் வினவுவது வைத்தியப் பட்டத்தையா, வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் அளவையா, அன்றி இத்தனை மெகாபைட் என்பதையா என்று நிர்ணயிக்க மாட்டாமல் நெடுநேரம் மௌனம் சாதித்தேன். ஆங்கிலேயன் பிட்டைச் சிறிய எழுத்தாலும் பைட்டைப் பெரிய எழுத்தாலும் குறித்துத் தப்பித்துக்கொள்கிறான். எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பேதம் பாராட்டாத தமிழனோ எட்டு மடங்கு ஏமாறுகிறான். இவ்வாராய்ச்சி அந்த எட்டிலிருந்து பிறந்தது.

எதையும் மூலத்திலிருந்து தொடங்குவதே சாஸ்திர மரபு. 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் யந்திரத்தின் வட்டுப் பெட்டி, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை நிமிஷத்துக்கு 1,200 முறை சுழற்றி, 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கி, வினாடிக்கு 8,800 எழுத்து வீதம் வழங்கிற்று. (பெயரில் ராமனைக் கண்டு பரவசமடையும் பண்டிதர்களோடு எனக்கு விவகாரம் இல்லை.) அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் பாராளுமன்றமும் எடை, அளவுச் சட்டத்தை நிறைவேற்றி, பலத்துக்கும் வீசைக்கும் ஓய்வு கொடுத்துக் கிராமைக் கொண்டுவந்தது என்பதும், 1957 ஏப்ரலில் ஓர் அணா ஆறேகால் நயா பைசாவாக மாறியபோது அந்தக் கால் பைசா யார் மடியில் போய் விழுந்தது என்பது விசாரிக்கத் தக்க விஷயம் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. ராமாக்கிலும் ஒரு கால் இருக்கிறது. அதன் எழுத்துக்கு ஆறு பிட். இன்றைய பைட்டுக்கு எட்டு. எழுத்தும் பைட்டும் ஒன்றே என்று கொண்டு 8,800 பைட் என்பது பூர்வபட்சம். ஆறால் பெருக்கி 52,800 பிட், அதாவது 6,600 பைட் என்பது சித்தாந்தம். சரியாகக் கால் பங்கு குறைகிறது. நான் சித்தாந்தி. ஆகவே இன்று நம் வீட்டுக்கு வரும் 100 மெகாபிட் இணைய இணைப்பானது ஸ்தூலமாக 1,894 ராமாக்குகளுக்குச் சமம்.

இனி உடுமலை விவசாயிக்கு இந்த விஷயத்தில் உபதேசம் அநாவசியம். அமராவதியில் எத்தனை டி.எம்.சி. நிற்கிறது என்பது ஒன்று, ஷட்டர் வழியே எத்தனை கனஅடி வருகிறது என்பது வேறொன்று என்பதைக் கடைமடைக்காரரைப் போல அறிந்தவர் எவருளர்? டிஸ்கின் ஜி.பி. என்பது டி.எம்.சி.; அதன் வேகம் கனஅடி. மாப்பிள்ளையின் டிஸ்கில் ஒட்டியிருந்த 100 என்னும் எண்ணோ இவ்விரண்டும் அன்று. அது டிஸ்கையும் கணினியையும் இணைக்கும் கால்வாயின் கொள்திறன். காண்டூர் கால்வாயின் கரை உயரத்தைப் பார்த்துத் திருமூர்த்தி அணைக்கு வந்து சேரும் தண்ணீரைக் கணிப்பவனை ஊரில் யார் மதிப்பார்? தட்டிலிருந்து வினாடிக்கு 40 மெகாபைட் கிடைத்தாலே அந்த டிஸ்க் யோக்கியமானது. பின்னால் வந்த சாட்டா இணைப்பில் வேறொரு சூட்சுமம்: ஓடுவது வினாடிக்கு 150 கோடி பிட், ஆனால் எட்டு பிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பத்து பிட் புறப்பட வேண்டியிருப்பதால், எட்டால் வகுக்காமல் பத்தால் வகுத்து 150 மெகாபைட் என்று கொள்ள வேண்டும். மிச்சம் இரண்டும் வாய்க்கால் குடித்தது.

பிட் ஒன்றைத் துளி ஒன்றாகவும், மருந்துக்கடைக் கணக்குப்படி மில்லிலிட்டருக்கு 20 துளியாகவும் வைத்து ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். ராமாக் வினாடிக்கு 2.64 லிட்டர் கொட்டுகிறது. ஒரு கனஅடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாறாக, 4 டி.எம்.சி. கொள்ளும் அமராவதி அணை நிரம்பி நிற்கையில் 283 டெராபைட் ஆகிறது. 24 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு வாங்கினால் ஒரு துளி சிந்தாமல் அடக்கிவிடலாம். முதலைகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் உண்மையான விபரீதம் புலப்படுகிறது. ராமாக்கிலிருந்து இந்த 24 டெராபைட் வரைக்கும் அணை 64 லட்சம் மடங்கு பெருத்திருக்க, வினாடிக்கு 285 மெகாபைட் விடும் மதகோ 43 ஆயிரம் மடங்குதான் பெருத்திருக்கிறது. எனவே வேகத்தை மட்டும் புது அளவைக்கு மாற்றி மகிழ்வது பாதிக் கணக்கு. அணை முழுவதும் வடிய எவ்வளவு நேரம் என்பதே பிரமாணம். அதற்கு ஏற்ற அளவை, 24 நிமிஷம் கொண்ட நம் நாழிகை. ராமாக், ஊசி நகரும் நேரத்தைத் தள்ளினால், ஒன்பதரை நிமிஷத்தில், அதாவது அரை நாழிகைக்குள் வடிந்துவிடுகிறது. 1980-இல் வந்த சீகேட் எஸ்.டி.506, கொண்டது 5 மெகாபைட், விட்டது வினாடிக்கு 50 லட்சம் பிட் ஆகையால், எட்டே வினாடி. நாழிகைக்கு அது அவமானம். இன்றைய 24 டெராபைட்டோ, தட்டின் வெளிவிளிம்பில் மட்டும் கிடைக்கும் உச்ச வேகம் கடைசி வரை நீடிப்பதாக உபசாரத்துக்கு ஒப்புக்கொண்டாலும், ஐம்பத்தெட்டரை நாழிகை கேட்கிறது: இன்று சூரியோதயத்தில் ஷட்டரைத் திறந்தால், நாளைச் சூரியோதயத்துக்கு ஒன்றரை நாழிகை இருக்கும்போதுதான் அடித்தரை தெரியும்.

மாப்பிள்ளை கொண்டுவந்த டிஸ்க் 40 ஜி.பி. அதற்கு முக்கால் நாழிகையிலும் சற்றுக் குறைவு என்று தீர்மானித்து, தாளில் எழுதி, அதை எடுத்துக்கொண்டு தளி ரோட்டுக்குப் போனேன். அவன் முந்தின நாளே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தான். தராசில் 600 கிராம் நின்றதாம். பலத்தில் பதினேழும் சொச்சமும்.