வீட்டுக் கம்ப்யூட்டரைப் பூட்டுவது எப்படி?

பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இதைப் படியுங்கள். படித்ததும் பக்கத்தைக் கிழித்து பீரோவில் வைத்துவிடுங்கள். பிள்ளைக்கு இதில் தெரியாத சங்கதி எதுவும் இல்லைதான். ஆனால் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது அதற்குத் தெரிந்துவிடக் கூடாது.

முதலில், உங்கள் கம்ப்யூட்டரில் அட்மின் யார் என்று பாருங்கள். விண்டோஸில் இரண்டு வகை அக்கவுன்ட் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் நினைத்ததை மாற்றலாம். ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்காரர் கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதற்குக்கூட அட்மினின் பாஸ்வேர்டு வேண்டும். குடும்பத் தலைவர் என்ற முறையில் அட்மின் நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்று பெட்டியைப் பிரித்து, வயர்களை மாட்டி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டி, போனால் போகிறதென்று உங்கள் பெயரிலும் ஒரு அக்கவுன்ட் திறந்து கொடுத்தது யார் என்று யோசியுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தால் மனம் தளர வேண்டாம். பிள்ளை நல்ல மூடில் இருக்கும்போது கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடும்.

பதவி கிடைத்ததும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று அதில் அளந்துவிடலாம். நேரம் தீர்ந்ததும் பிள்ளை கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும். விண்ணப்பம் உங்கள் ஈமெயிலுக்கு வரும். உங்கள் ஈமெயிலை உங்களுக்குத் திறந்து காட்டுபவர் யாரோ, அவரே பரிசீலித்து அனுமதியும் வழங்கிவிடுவார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் பிள்ளையின் பிறந்த தேதி, கல்யாண நாள், வண்டி நம்பர், முருகன்123 ஆகியவற்றைத் தவிர்க்கவும். முக்கியமாக, பாட்டியிடம் சொல்லாதீர்கள். உலகத்தில் எந்த ஹேக்கருக்கும் வாய்க்காத வசதி அது. "பாட்டீ..." என்று ஒரு தரம் இழுத்தால் போதும்.

இப்போது பென் டிரைவுக்கு வருவோம். விண்டோஸில் போட்ட பூட்டு விண்டோஸோடு சரி. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை இலவசமாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டலாம். நிறுவக்கூடத் தேவையில்லை. விண்டோஸ் பாட்டுக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், கூடவே உங்கள் காவல்காரரும். ஃபேமிலி சேஃப்டி அனுப்பும் அறிக்கையில் அன்றைய பயன்பாடு பூஜ்யம் என்று வரும். நீங்கள் அதைப் பார்த்துப் பூரித்து பிரியாணி வாங்கிக் கொடுப்பீர்கள். இதைத் தடுக்க, விண்டோஸுக்கும் முன்னால் விழித்துக்கொள்ளும் பயாஸ் என்ற புரோகிராமுக்குள் போய் பென் டிரைவிலிருந்து துவங்கும் வசதியை அடைத்து, பயாஸுக்கும் ஒரு பாஸ்வேர்டு போடவேண்டும். பல டெஸ்க்டாப்களில் மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் அந்த பாஸ்வேர்டு மறைந்துவிடும் என்பதால், கேபினெட்டுக்கும் ஒரு பூட்டு வாங்குங்கள். திண்டுக்கல் பூட்டாகவே இருக்கட்டும். சாவியை வழக்கம்போல வாசல் பக்க ஆணியில் மாட்டிவிடாதீர்கள்.

ரொம்பவும் நொந்துகொள்ள வேண்டாம், அரசாங்கங்களே இதில் தோற்றிருக்கின்றன. 2007-இல் ஆஸ்திரேலிய அரசு 8.4 கோடி டாலர் திட்டம் ஒன்றைப் போட்டு, குடும்பங்களுக்கு இலவச வடிகட்டி மென்பொருளைக் கொடுத்தது. மெல்போர்னில் 16 வயது மாணவன் ஒருவன் அரை மணி நேரத்தில் அதைத் தாண்டிக் காட்டினான். எனக்குப் பிடித்தது அவன் வேகமல்ல, மரியாதை. வடிகட்டியின் சின்னம் திரையில் அப்படியே இருக்கும்படி விட்டிருந்தான். அப்பா அம்மா எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகவே தெரியும். பெற்றோரின் நிம்மதியைக் கெடுக்காத இப்படியொரு பிள்ளைக்கு ஏதாவது விருது கொடுத்திருக்கலாம்.

ரவுட்டரில் டி.என்.எஸ். முகவரியாக 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் அடைபடும். கிளவுட்ஃபிளேர் 2020-இல் குடும்பங்களுக்காகவே தொடங்கிய இலவச சேவை இது. நல்ல வழிதான், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் ரவுட்டரின் பாஸ்வேர்டு பெரும்பாலும் அதன் அடியிலேயே ஒட்டியிருக்கும். அதை மாற்றினாலும் ஒரு குண்டூசியால் ரீசெட் துளையை அழுத்திவிடலாம். குண்டூசி கிடைக்காத வீடாக இருந்தால் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. வி.பி.என். பற்றி எழுத இடமில்லை. பிள்ளையிடம் கேட்டால் விளக்கும்.

தடை எதற்கு என்று பிள்ளையை உட்காரவைத்துப் பேசலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மென்பொருள் எதுவும் வராததால் இங்கே சேர்க்கவில்லை.

எதுவும் பலிக்காவிட்டால் கம்ப்யூட்டரின் பவர் வயரையே கழற்றி ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எளிய வழி, செலவும் கிடையாது. ஒன்றே ஒன்று: சில ரைஸ் குக்கர்களின் வயரும் கம்ப்யூட்டரில் கச்சிதமாகப் பொருந்தும். உங்கள் வீட்டுக் குக்கர் அந்த ரகமாக இருந்தால் அந்த வயரையும் சேர்த்தே எடுத்துப் போகவேண்டியிருக்கும். எடுக்கும் முன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க பயமாக இருந்தால் தோசை மாவு வாங்கிக்கொண்டு வாருங்கள்.