மாத்திரை சாரின் மகன்

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் தாத்தா பதவி காலி. நிரப்பாமல் விட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கூடுதல் பொறுப்பாக என் தலையில் விழுந்தது. கூடுதல் பொறுப்பு பார்க்கிறவர் எந்தக் கோப்பையும் நகர்த்த மாட்டார் என்பது அரசு அலுவலகத்துக்கு ஒருமுறை போனவர்களுக்கும் தெரியும். நானும் அந்த ரகம்தான்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். மாத்திரையைக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், வாயைத் திறந்து காட்டினாள். இவ்வளவுதானே, இதற்குப் போய் தாத்தாவா என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை தலையணை உறையை உதறிய என் மனைவி, பாதி கரைந்த மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்பாவிடம் இந்தப் பருப்பெல்லாம் வேகாது. மாத்திரை விழுங்க வைப்பதுதான் அவருடைய உத்தியோகமே. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குடியாத்தம் பக்கத்து ஊர்களில், தொழுநோய்த் திட்டத்தில் சமூகப் பணியாளர். பதவிப் பெயர் நீளமானது. ஊர்க்காரர்கள் ‘மாத்திரை சார்’ என்று சுருக்கிவிட்டார்கள். டாப்சோன் ஒன்றையே வருஷக்கணக்கில், சிலர் ஆயுசு முழுக்க, தின்றுகொண்டிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1980-களில் டாப்சோனோடு ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின் இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்து வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பணியாளரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். “தண்ணி இன்னொரு மடக்கு. நாக்கைத் தூக்குங்க. ம்.” ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் சிவக்கும். க்ளோஃபாசிமின் தோலைக் கறுக்கடிக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மருந்து கொல்லைப்புறச் சாக்கடைக்குப் போகும். பெண் கறுத்துவிட்டால் கல்யாணம் நின்றுபோகுமே என்று பயந்த ஒரு தாயின் வீட்டுக்கு அவர் எத்தனை தடவை நடந்தாரோ. மருந்தை எழுதுவது டாக்டர்; அது வயிற்றுக்குள் போவது அப்பா பாடு. அந்த “நாக்கைத் தூக்கு” பிற்பாடு பேத்திகளுக்கும் பேரனுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது, கூடவே “ராஜாத்தி” என்ற செல்லத்தோடு.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அவருடைய டிவிஎஸ் 50-யில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு கிழவி வீட்டுத் திண்ணை. மாத்திரை முடிந்ததும் எவர்சில்வர் தம்ளரில் டீ வந்தது. விரல்கள் மடங்கிப்போன கை. இரண்டு கைகளுக்கும் நடுவில் தம்ளரை அணைத்துப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினார். “வயிறு சரியில்ல பாட்டி” என்றேன். அப்பா தன் டீயைக் குடித்தார். என் டீயையும் வாங்கிக் குடித்தார். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “வயிறு சரியாயிடுச்சா?” சரியாகியிருந்தது. குடித்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வருஷம் ஜனவரி 30, தொழுநோய் ஒழிப்பு தினக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். பெரும்பாலானோர் உடம்பில் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு, மருந்து தொடங்கிய சில நாளிலேயே தொற்றும் தன்மை போய்விடும், எல்லாம் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

அப்பாவின் கண் எப்போதும் மனிதர்களின் காலில்தான். உணர்ச்சி செத்த பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதனால் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் பெண்ணின் அப்பாவுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பார்வை முழுக்கப் பேரப்பிள்ளைகள் மேல் திரும்பியது. ராத்திரி ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், அதைச் சுற்றி நாற்காலிகள். எல்லாக் காலும் கால்மணி நேரம் ஊறும், கதை ஓடும், கடைசியில் தேங்காய் எண்ணெய். நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் விளையாட்டாக மாற்றியிருந்தார். என்னையும் கூப்பிடுவார். நான் செல்போனில் முக்கியமாக எதையோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று ‘தொட்ட இடம் காட்டு’. கண்ணை மூட வேண்டும். அவர் கோழி இறகால் கையில் ஓரிடத்தைத் தொடுவார். அதே இடத்தை விரலால் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஊர் ஊராக அவர் செய்த சோதனை அது. அவர் போன பிறகு நானும் ஓர் இறகைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். “அப்பா, நீங்க தொடறீங்களா, கிச்சுகிச்சு மூட்டறீங்களா?” என்று பெரியவள் எழுந்து போய்விட்டாள்.

அப்பாவின் படத்திறப்புக்கு ஆவேசமாகப் பேச்சு தயாரித்தேன். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு 2005 இறுதியில் எட்டியது, தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு 2019-ல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது, இப்படிப் பக்கம் பக்கமாக. முதல் செய்தி பேப்பரில் வந்த அன்று அப்பா, “அந்த ஒருத்தர் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்” என்று டிவிஎஸ் சாவியைத் தேடியது ஞாபகம் இருந்தது. அதைப் பேச்சில் சேர்க்கவில்லை. புள்ளிவிவரம் கனமாகத் தெரிந்தது.

மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றேன். உணர்ச்சி செத்த பாதங்களுக்குக் கொடுக்கும் கறுப்பு எம்.சி.ஆர். செருப்போடு ஒரு பெரியவர் படியேறினார். “செருப்பை இங்கயே விட்டுடுங்க பெரியவரே” என்றேன், படு மரியாதையாக.

அவர் நின்றார். “சார் எங்கயும் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே தம்பி. சாமி கும்பிடப் போனாக்கூட வெளியவே நின்னு கும்புட்டுக்கச் சொன்னாரு. நான் இங்கயே நின்னுக்கவா?”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன், செருப்போடு. முன்வரிசையில் உட்கார வைத்தேன். என் பேச்சு பாதி தாண்டியதும் மின்விசிறிக்கடியில் பலர் தூங்கினார்கள். அவர் மட்டும் கண் கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தராவது கேட்கிறாரே என்று அவரைப் பார்த்தே மீதியைப் பேசி முடித்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்க காலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி. குதிகால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. அப்பா சொல்லித் தரலையா?”

“சொன்னாரு.”

“ராத்திரி கால்மணி நேரம் தண்ணியில வைங்க. தொடச்சுட்டு எண்ணெய். மறக்காதீங்க.”

தலையாட்டினேன். டப் இன்னும் மாடியில், மிளகாய் காய வைக்க உதவுகிறது.